பழைய படக்கதைப் பக்கங்களை வெட்டாமல், பூசாமல் அச்சிடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அமெரிக்கச் செய்தித்தாள்களில் வெளிவந்த பழைய படக்கதைகளுக்குத் தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ் நாளேடுகள் அதிகம் தொடாத பொருள் இது. அதற்காக முதலில் நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தில் வின்சர் மெக்கேயின் ‘லிட்டில் நீமோ’ உள்ளங்கை அகலத்துக்குச் சுருங்கியிருந்தது. மேல் வரிசையும் கீழ் வரிசையும் வெட்டப்பட்டு, நடுவிலிருந்த கட்டங்கள் மட்டும் வந்திருந்தன. வண்ணமும் பழைய வண்ணமல்ல, கணினியில் புதிதாகப் பூசியது. வரைந்தவர் பெயர், வெளிவந்த தாள், தேதி எதுவும் இல்லை. இந்த நான்கு குறைகளையும் அதிகச் செலவில்லாமல் தவிர்க்கலாம். எப்படி என்பதையும், பழைய படக்கதைத் தாள்களை வீட்டில் வைத்திருக்கும் வாசகர்கள் அவற்றை எப்படிக் காப்பது, எப்படிப் பிரதி எடுப்பது என்பதையும் எழுதுகிறேன்.

கீழ் வரிசையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை வெட்டியதுதான் மிகவும் வருத்தம் தந்தது. ‘லிட்டில் நீமோ’ 1905 அக்டோபர் 15 அன்று நியூயார்க் ஹெரால்டில் தொடங்கி 1911 ஜூலை வரை அங்கே வாராவாரம் வந்தது. ஒவ்வொரு பக்கமும் ஒரு கனவு. ஒவ்வொரு கனவும் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய கட்டத்தில் முடியும்; அங்கே சிறுவன் கட்டிலில் விழித்துக்கொள்வான், அல்லது கட்டிலிலிருந்து விழுந்து கிடப்பான். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் மேலே நடந்ததெல்லாம் கனவு என்பதே வாசகருக்குத் தெரியாது. 1908 ஜூலை 26 பக்கத்தில் நீமோவின் கட்டிலுக்குக் கால் முளைத்து நீளும். கட்டில் ஊரின் கட்டடங்களைத் தாண்டி நடக்கும். கால் நீள நீளக் கட்டத்தின் உயரமும் கூடும். ஒரு வரிசையை மட்டும் எடுத்துப் போட்டால் அந்த வளர்ச்சி கண்ணில் படாது. மெக்கே பக்கம் முழுவதையும் ஒரே படமாக யோசித்து வரைந்தவர். அதன் தாள் அளவு ஏறத்தாழ 16 அங்குல அகலம், 21 அங்குல உயரம். 2005-இல் பீட்டர் மரெஸ்கா என்பவர் அதே அளவில் ஒரு மறுபதிப்பைக் கொண்டுவந்தார். அதுவரை பாதி அளவுப் புத்தகங்களில் பார்த்திருந்தவர்கள் கூட்டத்தில் நிற்கும் மனிதர்களின் முகபாவத்தை அப்போதுதான் பார்த்தார்கள். மெக்கேயின் எழுத்து மிகச் சிறியது. பக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் பேச்சுக் குமிழிகளைப் படிக்கவே முடியாது.

ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேஸி கேட்’ இன்னும் கடினம். 1910-இல் இன்னொரு தொடரின் அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு வந்த பூனையும் எலியும் 1913 அக்டோபரில் தனித்தொடர் ஆயின. 1916 ஏப்ரல் 23 முதல் முழுப்பக்கமும் கிடைத்தது. 1944-இல் ஹெரிமன் இறந்த பிறகு வேறு யாரையும் வைத்துத் தொடராமல் நிறுத்திவிட்டார்கள். அரிசோனாப் பாலைவனத்தின் பாறைகள்தான் பின்னணி. ஒரு கட்டத்தில் இருக்கும் பாறை அடுத்த கட்டத்தில் மரமாகியிருக்கும், பகல் இரவாகியிருக்கும், பேசிக்கொண்டிருப்பவர்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். பல கட்டங்களுக்குக் கோட்டுச் சட்டமே கிடையாது. வெட்டுகிறவருக்கு எங்கே வெட்டுவது என்றே தெரியாது. தெரியாமல் வெட்டியவர்கள் ஏராளம்.

வெட்டும் வழக்கத்தை நாம் தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது அங்கேயே, அந்தக் காலத்திலேயே தொடங்கியது. ஒரே ஞாயிற்றுக்கிழமைப் படக்கதை ஓர் ஊரில் முழுப்பக்கமாகவும், இன்னோர் ஊரில் அரைப்பக்கமாகவும், வேறோர் ஊரில் மூன்றில் ஒரு பங்காகவும் வரும். இதற்காகவே ஓவியர்கள் தலைப்புக் கட்டத்தையும் மேல் வரிசையில் ஒன்றிரண்டு கட்டங்களையும் கதைக்குத் தேவைப்படாத மாதிரி வரைந்து வைத்தார்கள். இடம் போதாவிட்டால் ஆசிரியர் அவற்றை எடுத்துவிடுவார். 1930-களில் பல முழுப்பக்கங்களின் உச்சியில் அதே ஓவியரின் இன்னொரு சிறுதொடர் துணையாக வந்தது. அலெக்ஸ் ரேமண்டின் ‘ஃபிளாஷ் கார்டன்’ 1934 ஜனவரி 7 அன்று தொடங்கியபோது அதன் தலைமேல் ‘ஜங்கிள் ஜிம்’ உட்கார்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் காகிதத் தட்டுப்பாடு வந்ததும் இந்த மேல் வரிசைகள்தான் முதலில் பலியாயின. ஆகவே கையில் கிடைத்த ஒரு ‘ஃபிளாஷ் கார்டன்’ தாள் முழுமையானதா என்று அறிய, அதே தேதியின் வேறொரு ஊர்த் தாளோடு கட்டங்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் உங்களிடம் இருப்பது சுருக்கிய வடிவம்.

இனி வண்ணம். கணினியில் பூசிய வண்ணம் ஏன் தவறு என்று கேட்பவர்களுக்கு, பழைய வண்ணம் எப்படி ஏறியது என்று சொன்னால் போதும். ஓவியர் தடித்த பிரிஸ்டல் அட்டையில், அச்சில் வரப்போவதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பெரிதாக வரைவார். முதல் கோடு வெளிர்நீலப் பென்சிலில். அச்சுத் தகடு (பிளாக்) எடுக்கும் கேமராவின் படச்சுருளுக்கு வெளிர்நீலம் வெள்ளையாகவே தெரியும், அதனால் அதை அழிக்க வேண்டியதில்லை. மேலே இந்திய மை. அதைப் படமெடுத்துத் துத்தநாகத் தகட்டில் பதித்து, நைட்ரிக் அமிலத்தில் அரித்தால் கோடு மேடாக நிற்கும். சாம்பல் நிழலும் வண்ணச் சாயலும் வர வேண்டிய இடத்தில் பென் டே முறை. பெஞ்சமின் டே 1879-இல் காப்புரிமை பெற்றது அது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய படலத்தில் புள்ளிகள் மேடாக இருக்கும். அதில் மை உருட்டி, தகட்டின்மேல் வைத்துத் தேய்ப்பார்கள். புள்ளி விழக்கூடாத இடங்களை முன்கூட்டியே பசை பூசி மறைத்திருப்பார்கள். கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் என நான்கு தகடு. எந்த இடத்தில் எந்த நிறம் என்று ஓவியர் ஒரு பிரதியில் நீர்வண்ணத்தால் காட்டித் தருவார். தகட்டில் அதைக் கைவேலையாகச் செய்தவர்கள் பெயரறியாத பிளாக் தொழிலாளிகள்.

இந்தத் தகடுகளை ஊர் ஊராக அனுப்ப முடியாது. கூழ் அட்டையில் அழுத்தி அச்சுப்பதிவு எடுத்து, அந்த அட்டையைத் தபாலில் அனுப்புவார்கள். 1915-இல் தொடங்கிய கிங் ஃபீச்சர்ஸ் போன்ற நிறுவனங்களின் வியாபாரமே இதுதான். வாங்கிய தாள் அந்த அட்டையில் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த உலோகத்தை உருக்கி ஊற்றி, சுழல் எந்திரத்துக்கு வளைந்த தகடு எடுக்கும். கூழ் அட்டை உலரும்போது சுருங்கும். நான்கு நிறத்துக்கு நான்கு அட்டை. நான்கும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. எந்திரத்தில் ஓடும்போது நியூஸ்பிரிண்டும் இழுபடும். சட்டையின் சிவப்பு சட்டைக்கு வெளியே நிற்பதற்கு, சிவகாசித் தொழிலாளி ‘ரிஜிஸ்டர் அவுட்’ என்பாரே அதற்கு, காரணம் இதுதான். அதை ஓவியரின் கவனக்குறைவாக நினைக்கிறவர்கள் உண்டு, தவறு.

பின்னாளில் வந்த பத்துசென்ட் காமிக் புத்தகங்களில் கணக்கு இன்னும் தெளிவானது. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் ஒவ்வொன்றும் 0, 25, 50, 100 சதவீதம் என நான்கு நிலை. நான்கை மூன்று முறை பெருக்கினால் 64. அந்த 64 நிறத்துக்குள்தான் எல்லா வானமும் எல்லா முகமும். ஓவியர்கள் இதை அறிந்தே வரைந்தார்கள். நிழலைக் கறுப்பு மையிலேயே முடித்துவிடுவார்கள்; வண்ணம் தட்டையாகப் படரும். அதன்மேல் கணினியில் மினுமினுக்கும் நிழலை ஏற்றினால் ஒரே முகத்தில் இரண்டு வெளிச்சம் விழும். இன்னொன்று: அந்த மஞ்சளும் சிவப்பும் பழுப்பு நியூஸ்பிரிண்டுக்காகக் கணக்கிட்டவை. அதே 100 சதவீதத்தைப் பளபளக்கும் வெள்ளை ஆர்ட் தாளில் அச்சிட்டால் கண் கூசும். தங்கள் நாளேடு நியூஸ்பிரிண்டில்தானே அச்சாகிறது! புத்தகப் பதிப்பாளர்களுக்கு இல்லாத வசதி இது. பழைய தாளை நேராக ஸ்கேன் செய்து அப்படியே போட்டால், தாளின் நிறம் தானாகப் பொருந்திவிடும்.

கறுப்பு வெள்ளைத் தினசரித் தொடர்களில் ஓவியர்களின் கைத்திறன் வேறுவிதமாகத் தெரியும். ராய் கிரேன் ‘வாஷ் டப்ஸ்’ தொடரிலும் 1943-இல் தொடங்கிய ‘பஸ் சாயரி’லும் ஒரு சிறப்பு அட்டையைப் பயன்படுத்தினார். அதில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கோட்டு வரிசைகள் ஒளிந்திருக்கும். ஒரு ரசாயனத்தைத் தூரிகையால் தொட்டால் ஒரு சாய்வுக் கோடு எழும். இன்னொன்றைத் தொட்டால் குறுக்குக் கோடும் சேர்ந்து எழும். கறுப்பு, வெள்ளையோடு இரண்டு சாம்பல். அதைக்கொண்டு அவர் கடலையும் புழுதியையும் வரைந்ததைப் பார்த்தால் புகைப்படம் தேவையில்லை. நோயல் சிக்கிள்ஸ் 1930-களின் நடுவில் ‘ஸ்கார்ச்சி ஸ்மித்’தில் கோட்டைக் குறைத்துக் கறுப்புத் திட்டுகளாலேயே உருவம் காட்டினார். அவரோடு ஒரே அறையில் வேலை செய்த மில்டன் கேனிஃப் அதைத் தன் ‘டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்’ தொடரில் வளர்த்தெடுத்தார். பின்னால் வந்த சாகசப் படக்கதைகளில் பாதி இந்த இருவரின் தூரிகைக்குக் கடன்பட்டவை. கேனிஃபின் பெயர் நிலைத்தது. சிக்கிள்ஸ் 1936-இலேயே தொடரை விட்டுப் போய்விட்டதால் அவரை அறிந்தவர் குறைவு.

பெயர் போடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணமும் அதுவே. தமிழ் வாசகர்கள் வேதாளன் என்றும் மாயாவி என்றும் அறிந்த முகமூடி வீரனை 1936 பிப்ரவரி 17 முதல் வரைந்தவர் ரே மூர், கதை லீ ஃபால்க். பிறகு வில்சன் மெக்காய், 1961 முதல் சை பேரி. மூன்று பேர் கோடும் மூன்று விதம். மூரின் காட்டில் இருட்டு அதிகம். மெக்காயின் கோடு எளிமையானது, கொஞ்சம் விறைப்பு. பேரியுடையது சுத்தமான சதைப்பிடிப்பு. ரகசிய ஏஜென்ட் காரிகனுக்கும் அப்படித்தான். 1934 ஜனவரி 22 அன்று அலெக்ஸ் ரேமண்ட் தூரிகையில் தொடங்கிய அந்தத் தொடரை 1967 முதல் 1980 வரை ஆல் வில்லியம்சன் வரைந்தார், பிறகு ஜார்ஜ் ஈவன்ஸ். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’யை எத்தனை பேர் தலைமாட்டில் வைத்துத் தூங்கினார்கள்! அதன் மூலம் 1962-இல் தொடங்கிய ஆங்கிலேய வார இதழ்த் தொடர். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. அன்றைய ஆங்கிலேயச் சிறுவர் இதழ்கள் ஓவியர் பெயரைப் பெரும்பாலும் போடுவதில்லை. அங்கே இல்லாத பெயர் இங்கேயும் வரவில்லை.

ஜாக்கி ஆர்ம்ஸ் என்ற பெயரையும் இங்கே சேர்க்க வேண்டும். 1937-இல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவர் வாரத்தாளில் ‘டார்ச்சி பிரவுன்’ தொடரை வரைந்தவர். அமெரிக்கச் செய்தித்தாள்களில் படக்கதைத் தொடர் வரைந்த முதல் கறுப்பினப் பெண். வெள்ளையர் நாளேடுகளின் படக்கதைகளை மட்டுமே சேர்த்த தொகுப்புகளில் அவருக்கு நெடுங்காலம் இடமே இல்லை.

தாளிலிருந்து புத்தகத்துக்கு வந்த வழியும் வெட்டி ஒட்டிய வழிதான். 1934-இல் வந்த ‘ஃபேமஸ் ஃபன்னீஸ்’ ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களைச் சுருக்கி மறுபடி அச்சிட்டது. ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனைச் செய்தித்தாளுக்கான தினசரித் தொடராகத்தான் வரைந்து வைத்திருந்தார்கள். எந்த நிறுவனமும் வாங்கவில்லை. கடைசியில் அந்த நீளத் துண்டுகளை வெட்டிப் புத்தகப் பக்கமாக ஒட்டியதுதான் 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்த கதை. 13 பக்கம், பக்கத்துக்கு 10 டாலர். மொத்தம் 130 டாலரோடு உரிமையும் போயிற்று. அந்தக் கதையில் காட்சி தாவித் தாவிப் போவதற்கு இந்த ஒட்டுவேலையும் ஒரு காரணம். அடுத்த ஆண்டு ஜனவரியில் சூப்பர்மேன் செய்தித்தாளுக்கும் போய்ச்சேர்ந்தான். வில் ஐஸ்னர் வேறு வழி பிடித்தார். 1940 ஜூன் 2 முதல் 1952 வரை, ஞாயிற்றுக்கிழமைத் தாளோடு இலவச இணைப்பாகவே ஒரு காமிக் புத்தகம் கொடுத்தார். அதுதான் ‘தி ஸ்பிரிட்’.

வேதாளன் கதைகளைப் புத்தகமாக்கிய நம் பக்கத்து இந்திரஜால் காமிக்ஸ் 1964-இல் தொடங்கியபோதும் இதே கத்தரிதான். மூன்று நான்கு கட்டம் கொண்ட தினசரித் துண்டுகளைப் புத்தகப் பக்கமாக அடுக்க, சில கட்டங்களை வெட்டினார்கள், சிலவற்றை நீட்டினார்கள், பக்கக் கணக்குக்காகச் சிலவற்றை விட்டுவிட்டார்கள். பெங்காலி என்ற நாடு டெங்காலி ஆனது, சிங் கொள்ளையர் சிங்கா ஆனார்கள். இந்தப் பெயர் மாற்றத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அதைப் படித்துவிட்டு ஃபால்க் கதை துண்டுதுண்டாக எழுதியவர் என்று முடிவு கட்டக் கூடாது.

இவ்வளவும் இன்று பார்க்கக் கிடைப்பது பில் பிளாக்பியர்ட் என்ற தனிமனிதரின் பிடிவாதத்தால். அமெரிக்க நூலகங்கள் நாளேடுகளை மைக்ரோஃபிலிமில் ஏற்றிவிட்டு, கட்டுக்கட்டாக பைண்ட் செய்த தாள்களைக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது. கறுப்பு வெள்ளைச் சுருளில் சிவப்பு கறுத்து, அடியிலிருக்கும் கோட்டை விழுங்கிவிடும். மஞ்சள் இருந்த சுவடே தெரியாது. பென் டே புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பி ஒரே கறையாகும். இதைக் கண்ட பிளாக்பியர்ட் 1960-களின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோவில் தம் வீட்டையே ஒரு நிலையமாகப் பதிவு செய்து, நூலகங்கள் கழித்த தொகுதிகளை வாங்கிக் குவித்தார். 1990-களின் இறுதியில் அந்தச் சேகரம் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஏற்றிச் செல்ல ஆறு பெரிய லாரிகள் தேவைப்பட்டன. இன்று கொலம்பஸ் நகரில் பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகத்தில் அது இருக்கிறது. இப்போது வரும் நல்ல மறுபதிப்புகள் பலவற்றின் மூலம் அங்கே இருந்து வந்ததே.

வீட்டில் கத்தரித்து வைத்த தாள்கள் இருக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். இல்லஸ்ட்ரேட்டட் வீக்லியின் வேதாளன் பக்கமானாலும், தினத்தந்தியின் கன்னித்தீவு துண்டானாலும், தாள் ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். நியூஸ்பிரிண்ட் மரத்தை அப்படியே அரைத்த கூழ். அதிலுள்ள லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பாகி அமிலம் விடும். லேமினேஷன் செய்யவே கூடாது. சூடும் பசையும் ஏறியபின் பிரிக்க வழியில்லை. செல்லோடேப் சில ஆண்டுகளில் எண்ணெய் கசிந்து, ஒட்டிய இடம் முழுவதும் காவி படியும். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். பைண்டர்களிடம் கொடுத்தால் மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவார்கள். செம்பு, தாளை மேலும் சீக்கிரம் அரிக்கும். போடாமல் காய்ச்சச் சொல்லுங்கள்.

உறை வாங்கினால் பாலியெஸ்டர் உறையாக வாங்குங்கள், 50 முதல் 75 மைக்ரான் கனம். பி.வி.சி. உறையில் மை ஒட்டிக்கொள்ளும். நான்கு பக்கமும் ஒட்டி மூடிய உறையில் அமிலம் வெளியேற வழியின்றித் தாளையே தின்னும். இரண்டு பக்கமாவது திறந்திருக்கட்டும், பின்னால் அமிலமற்ற, காரம் கலந்த தாள் ஒன்றை வையுங்கள். மடிக்காமல், படுக்கை வாட்டில், தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. கடற்கரை ஊர்களில் அது வராது. இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் போடலாம். பச்சை வேப்பிலையைத் தாளுக்கிடையே வைப்பது நம் வழக்கம். அதன் ஈரமே கறையாகும். வசம்பானாலும் வேப்பிலையானாலும் நன்றாகக் காய்ந்ததைத் துணியில் முடிந்து, தாளைத் தொடாமல் பெட்டி ஓரத்தில் வையுங்கள். பூச்சி ஏற்கெனவே இருந்தால், காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே உள்ள ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வந்த பிறகே அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த தாளின்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

ஓரத்தைக் கத்தரித்து அழகுபடுத்தாதீர்கள். தேதி பெரும்பாலும் ஓரத்திலும் முதுகிலும்தான் இருக்கும். அமெரிக்கத் தினசரித் தொடர்களில் ஏதாவது ஒரு கட்டத்தின் மூலையில் 4-3 என்பது போலச் சின்னதாக எழுதியிருக்கும். அவர்கள் வழக்கப்படி மாதம் முதலில்; அது ஏப்ரல் 3, மார்ச் 4 அல்ல. ஆண்டு, கட்டங்களுக்கு நடுவே உள்ள உரிமை வரியில் இருக்கும். இந்தியத் தாளில் அந்தத் துண்டு வந்த நாள் அதுவாக இருக்க வேண்டியதில்லை. கன்னித்தீவு 1960 முதல் வருவது. அதில் தொடர் எண் இருப்பதால் வரிசைப்படுத்துவது எளிது.

கையில் இருப்பது மூலத்தாளா, பின்னாளைய நகலா என்று பார்க்க 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். மூலத்தில் ஒரு நிறப்பகுதியின் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவில், வரிசையாக இருக்கும். கறுப்புக் கோடு முழுக் கறுப்பாக இருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் கறுப்புக் கோடே பல நிறப் புள்ளிகளாக உடைந்து தெரியும். கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கில் வெள்ளைத் தாள் நீலமாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டி இருக்கிறது. 1930-களின் நியூஸ்பிரிண்ட் அப்படி ஒளிராது.

ஸ்கேனிங்கில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 200 அல்லது 300 டிபிஐ-யில் எடுத்துவிட்டுச் சுருக்கினால் புள்ளிகளும் பிக்சல்களும் மோதி, பட்டுச்சேலையில் தெரிவது போல அலை அலையாக வரும். 600 டிபிஐ, 24 பிட் வண்ணம், டிஃப் கோப்பு. சுருக்குவது எல்லாம் அதற்குப் பிறகு. தாளின் பின்னால் கறுப்பு அட்டை வைத்தால் முதுகிலுள்ள எழுத்து முன்னால் தெரியாது. தானாக வெளிச்சம் சரிசெய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையேல் துண்டுக்குத் துண்டு நிறம் மாறும். 16 x 21 அங்குலப் பக்கத்துக்கு ஏ-4 ஸ்கேனர் போதும்: கண்ணாடியின் நீளவாட்டு 11.7 அங்குலம் பக்கத்தின் அகலத்தோடு இசையும்படி வைத்து, அகலத்தில் இரண்டு, உயரத்தில் மூன்று, ஆக ஆறு துண்டு. நெடுக்குவாட்டில் வைத்தால் 8.3 அங்குலம் இரண்டு முறைக்கு 16.6தான், இணைப்பதற்கு ஓரம் மிஞ்சாது. ஒவ்வொரு துண்டும் 100 எம்.பி. வரும், இணைத்த பக்கம் 360 எம்.பி. ஆகும். இணைத்தபின் தாளை வெள்ளையாக்கும் ஆசையில் மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) ஏற்றாதீர்கள். ரேமண்டின் மெல்லிய இறகுக்கோடுகள் முதலில் மறையும், அடுத்து தடித்த கோடுகள் ஊதிப்போகும்.

உரிமை பற்றித் தங்கள் அலுவலகத்தில் தயக்கம் இருக்கலாம். இந்தியச் சட்டப்படி படைப்பாளி இறந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். மஞ்சள் அங்கிச் சிறுவன் படக்கதையை வரைந்த அவுட்கால்ட் 1928-இலும் மெக்கே 1934-இலும் ஹெரிமன் 1944-இலும் மறைந்தார்கள். லீ ஃபால்க் 1999 வரை வாழ்ந்தார். அவர் கதைகளுக்கு அனுமதி வேண்டும். புதிதாகப் பூசிய வண்ணத்துக்கும் புதிய மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு என்பதால், கணினி வண்ணப் பதிப்பை எடுத்துப் போடுவதில் கூடுதல் ஆபத்தும் இருக்கிறது.

அவுட்கால்ட் பெயரைச் சொன்னதால் ஒன்று. நாம் இகழ்ச்சியாகச் சொல்லும் ‘மஞ்சள் பத்திரிகை’ என்ற சொல்லுக்கு அவருடைய மஞ்சள் அங்கிச் சிறுவன்தான் மூலம். 1896-இல் புலிட்சரின் தாளிலிருந்து ஹெர்ஸ்டின் தாளுக்கு அவர் போனார். இரண்டு தாளும் ஒரே சிறுவனை வைத்துக்கொண்டு வாசகருக்காக மல்லுக்கட்டின. இது தங்கள் பக்கத்துக்கு நல்ல துணுக்காகும்.

இந்தப் பழைய பக்கங்களில் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் கேலி உருவங்களாக வரைந்தவை நிறைய உண்டு. ‘லிட்டில் நீமோ’வில் வரும் இம்ப், ‘ஸ்பிரிட்’டில் வரும் எபனி, இருவரும் கண்ணை உறுத்துவார்கள். அவற்றைத் தீட்டி மறைப்பது பொய்யாகும். அந்தப் பக்கத்தை எடுக்காமல் வேறு பக்கம் தேர்ந்தெடுங்கள். எடுத்தால் தேதியோடு, இது என்ன வழக்கம் என்று இரண்டு வரி எழுதி அச்சிடுங்கள்.

கடைசியாக அளவுக் கணக்கு. நாளேட்டின் முழுப்பக்க அச்சுப் பரப்பு வழக்கமாக 33 x 52 செ.மீ. மெக்கேயின் பக்கம் 40.6 x 53.3 செ.மீ. அதை 81 சதவீதமாக்கினால் அகலம் 33 செ.மீ., உயரம் ஏறத்தாழ 43 செ.மீ. கீழே 8 செ.மீ.க்கு மேல் மிஞ்சும். தமிழ் வசனங்களைக் குமிழிக்குள் திணிக்காமல், கட்டத்துக்கு எண் கொடுத்து அந்த இடத்தில் அச்சிடலாம்; ஓவியர் பெயர், தாள், தேதிக்கும் அங்கேயே இடம் இருக்கிறது. 1908 ஜூலை 26 பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கீழ் மூலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய படக்கதைத் தாள்களைத் திரட்டிப் பிரதியெடுக்கும் வாசகர்,
மதுரை.